பட்டம் தப்பிய மூட்டை

2022 நவம்பர் 29 அன்று நெதர்லாந்தின் டெர்னூசன் துறைமுகத்திலிருந்து எம்.வி. கிரீன்விச் என்ற சரக்குக் கப்பல் புறப்பட்டது. உள்ளே 20,000 டன் உரம் இருந்தது. தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் சேர்ந்த கூட்டு உரம். அது தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள மலாவிக்குப் போய்ச் சேர வேண்டும். மலாவிக்குக் கடற்கரை கிடையாது. கிழக்கிலும் தெற்கிலும் மேற்கிலுமாக மொசாம்பிக் அதை வளைத்துக் கிடக்கிறது. வடக்கே தான்சானியா, மேற்கே ஜாம்பியா. ஆகவே கப்பல் மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தை நோக்கிப் போனது.

புறப்பட்ட தேதியைக் கவனிக்க வேண்டும். நவம்பர் கடைசி என்றால் மலாவியில் மழை தொடங்கும் சமயம். முதல் நல்ல மழையில் மக்காச்சோளத்தை ஊன்றிவிடுவார்கள். அங்கே சோறு என்றால் ந்சிமா, அதாவது மக்காச்சோள மாவைக் கிண்டி எடுத்த கெட்டிக் களி. ஆண்டு முழுவதும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமென்றால் இந்த ஒரு மழைப் பருவத்தில் விளைந்தாக வேண்டும். கூட்டு உரம் அடியுரமாகப் போடுவது. பயிர் முளைத்த ஒரு வாரத்துக்குள் வேர் பக்கம் சேர்ந்துவிட வேண்டும். அதன்பின் ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து மேலுரமாக யூரியா. கப்பல் ஐரோப்பாவில் கயிறு அவிழ்த்த நாளில் மலாவி உழவர்கள் அடியுரத்துக்கு வானத்தையும் சாலையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

50 கிலோ மூட்டைகளாகக் கட்டினால் 20,000 டன் என்பது 4 லட்சம் மூட்டை. 4 லட்சம் குடும்பங்களுக்கு இது உதவும் என்று மலாவி அரசு சொன்னது. வீட்டுக்கு ஒரு மூட்டை. அந்த ஒற்றை மூட்டையின் வழியைப் பின்தொடர்ந்தால், கடல் இல்லாத ஒரு நாடு எதற்கெல்லாம், யாருக்கெல்லாம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது தெரியும்.

கிடங்கில் கிடந்த காலம்

உரத்தின் தாமதம் கடலில் தொடங்கவில்லை. அது ரஷ்யாவின் யூரல்கெம், யூரல்காலி குழுமத்தின் சரக்கு. உக்ரைன் போருக்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடைகளால் அந்தக் குழுமத்தின் 2,60,000 டன் உரம் ஐரோப்பியத் துறைமுகங்களிலும் கிடங்குகளிலும் முடங்கிக் கிடந்தது. உணவுக்கும் உரத்துக்கும் தடை கிடையாது என்று சொல்லப்பட்டாலும், வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் கப்பல்காரரும் தயங்கினால் சரக்கு நகராது. பல மாதப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு அது நன்கொடையாக மாறியது. உலக உணவுத் திட்டம் கப்பல் பிடித்துக் கொடுத்தது. முதல் கப்பல் மலாவிக்கு என்று முடிவானது.

மலாவிக்கு அது அவசரத் தேவைதான். 2005இல் மழை பொய்த்து, ஏறக்குறைய 50 லட்சம் பேருக்கு உணவு உதவி தேவைப்பட்ட ஆண்டு அந்த நாட்டின் நினைவில் இன்னும் இருக்கிறது. அந்த ஆண்டே பிங்கு வா முத்தாரிக்காவின் அரசு உரத்துக்கும் விதைக்கும் பெரிய அளவில் மானியம் கொடுக்கத் தொடங்கியது. நல்ல மழையும் சேர்ந்துகொள்ள, அரசுக் கணக்கில் மக்காச்சோள விளைச்சல் அடுத்த ஆண்டிலேயே இருமடங்கைத் தாண்டியது. அன்றிலிருந்து அங்கே உர மூட்டை அரசியலின் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. எந்த அரசு வந்தாலும் மானிய உரத்தைக் கைவிட முடியாது. 2022இல் உர விலை உலகம் முழுவதும் ஏறியது. அதே ஆண்டு மலாவி அரசு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்து, உரம் வராமல் போய், அக்டோபரில் வேளாண் அமைச்சர் பதவி இழந்தார்.

முன்பணம் என்றால் டாலர். மலாவிக்கு டாலர் வருவது பெரும்பாலும் புகையிலையால். புகையிலை ஏலம் ஏப்ரல் வாக்கில் தொடங்கிச் சில மாதம் நடக்கும். உரத்தை நிதானமாக வாங்கி, கப்பலில் ஏற்றி, மழைக்கு முன் ஊருக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் அதே மாதங்களில் ஆர்டர் போயாக வேண்டும். ஆனால் கைக்கு வரும் டாலருக்கு டீசல், மருந்து, பழைய கடன் என்று பல பேர் வரிசையில் நிற்பார்கள். மலாவியின் நாணயமான குவாச்சாவின் மதிப்பு 2022 மே மாதம் 25 விழுக்காடும், 2023 நவம்பரில் 44 விழுக்காடும் குறைக்கப்பட்டது. வங்கியில் டாலர் கிடைக்க ஒரு மாதம் தாமதமானால், வயலில் உரம் ஒரு மாதம் தாமதமாகும். கடற்கரை உள்ள நாடு அந்த ஒரு மாதத்தைப் பாதையில் ஓரளவு ஈடுகட்டிவிடும். மலாவிக்கு அந்த வசதி இல்லை.

பெய்ரா

2023இன் தொடக்கத்தில் கப்பல் பெய்ராவை அடைந்தது. பெய்ரா, புங்வே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. ஆறு வண்டல் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். தூர்வாரும் வேலை ஓயாது. அங்கே கடல் 6 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். ஆழம் தேவைப்படும் கப்பல்கள் ஏற்றம் பார்த்துத்தான் உள்ளே வர முடியும்.

இந்தப் பாதையில் உரம் பெரும்பாலும் மூட்டையாக வருவதில்லை. கப்பலின் வயிற்றில் மணல் குவியல்போலக் கொட்டிக் கிடக்கும். கிரேனின் இரும்புக் கைகள் அள்ளி மேலே தூக்கி, பெரிய புனலுக்குள் கொட்டும். கீழே எடை போட்டு 50 கிலோவாகப் பைக்குள் இறக்குவார்கள். தையல் இயந்திரம் பையின் வாயைத் தைத்து அனுப்பும். அந்தத் தையல் விழும்போதுதான் நம் மூட்டை பிறக்கிறது. உரத்தின் குணம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிப்பது. தூறல் விழுந்தாலே கப்பலின் மூடிகளைச் சாத்திவிட்டு வேலையை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் குருணை கட்டிதட்டிப் பாறையாகிவிடும். ஜனவரி, பிப்ரவரி பெய்ராவிலும் கொட்டும் மழைக்காலம். பட்டத்துக்கு முன்பே, காய்ந்த மாதங்களில் வந்திருக்க வேண்டிய சரக்கு தாமதமாகும்போது, துறைமுகத்தில் இன்னொரு தாமதமும் அதன்மேல் ஏறிக்கொள்கிறது.

மலாவி பெய்ராவை நம்பத் தொடங்கி 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதற்கு முன் சரக்கு வந்த வழி நீர்வழி. ஜாம்பேசி ஆற்றின் கழிமுகத்தில் சிண்டே என்ற சிறு துறைமுகம். 1891இல் பிரிட்டிஷாருக்குக் குத்தகையாகக் கிடைத்த இடம். அங்கிருந்து நீராவிப் படகுகள் ஜாம்பேசியிலும் அதன் துணையாறான ஷிரேயிலும் ஏறி நியாசாலாந்துக்கு வரும். மலாவிக்கு அன்றைய பெயர் அது. ஷிரேயில் தண்ணீர் குறையக் குறைய, ரயில் பாதை படகைத் தேடித் தெற்கே நீண்டது. 1908இல் தென்பகுதி நகரமான பிளான்டைரிலிருந்து இன்றைய ந்சாஞ்சே வரை, பிறகு ஜாம்பேசியின் கரை வரை. 1922இல் பெய்ராவிலிருந்து ஆற்றின் மறுகரைக்கு ரயில் வந்தது. அதே ஆண்டு சிண்டேவைப் புயல் சிதைத்தது. 1930களின் நடுவில் ஜாம்பேசியின் குறுக்கே டோனா அனா என்ற மூன்றரைக் கிலோமீட்டருக்கும் நீளமான இரும்புப் பாலம் எழுந்தபோது, பெய்ராவில் ஏற்றிய சரக்கு நடுவில் இறக்கப்படாமல் பிளான்டைருக்கு வந்தது. 1970இல் வடக்கே இன்னொரு ரயில் பாதை நக்காலா துறைமுகத்துக்குத் திறந்தது. இயற்கையாகவே ஆழமான துறைமுகம் அது. சுதந்திரம் பெற்று ஆறே ஆண்டில் மலாவிக்கு இரண்டு ரயில் வாசல்கள் இருந்தன.

அந்த இரண்டையும் மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போர் அடைத்தது. அரசை எதிர்த்த ரெனாமோ கிளர்ச்சிப் படைகள் தண்டவாளத்தையும் பாலங்களையும் குறிவைத்தன. டோனா அனா தகர்க்கப்பட்டது. 1980களின் நடுவில் பெய்ரா வழியும் இல்லை, நக்காலா வழியும் இல்லை. அருகிலிருந்த கடலை விட்டுவிட்டு, மலாவியின் லாரிகள் ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லாம் சுற்றி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு 2,000 கிலோமீட்டருக்கும் மேல் போய் வந்தன. இன்னொரு பக்கம் தான்சானியாவின் டார் எஸ் சலாம் வழியும் திறக்கப்பட்டது: துறைமுகத்திலிருந்து எம்பெயா வரை ரயில், அங்கிருந்து லாரி. இரண்டுமே செலவு அதிகம். ஒரு சிறிய ஏழை நாடு தன் ஏற்றுமதியில் சம்பாதித்ததைப் பாதைக்கே கொட்டிக் கொடுத்தது.

கடலில்லாத நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமை உண்டு. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 125ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் அடுத்தவர் வரப்பு வழியாகத் தன் வயலுக்குப் போகிறவர் நிலைமைதான் அவர்களுக்கு. உரிமை பத்திரத்தில் இருந்தாலும், வரப்புக்காரரோடு முகம் முறிந்தால் வண்டி நின்றுவிடும். ரெனாமோவுக்கு மலாவி இடம் கொடுப்பதாக மொசாம்பிக் குற்றம்சாட்டியது. 1986இல் எல்லையை மூடிவிடுவதாக அதன் தலைவர் சமோரா மாஷெல் எச்சரித்தார். மறு ஆண்டே மலாவியின் வீரர்கள் மொசாம்பிக்குக்குள் போய், நக்காலா ரயில் பாதையைச் சீரமைப்பவர்களுக்குக் காவல் நின்றார்கள். அந்த ஆண்டுகளில் போருக்குத் தப்பி மலாவிக்குள் வந்த மொசாம்பிக் அகதிகள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். பக்கத்து நாட்டின் போரை மலாவி சோற்றாலும் சுமந்தது, சரக்குக் கூலியாலும் சுமந்தது. 1992இல் ரோம் உடன்படிக்கையோடு போர் ஓய்ந்தது. ஆனால் ரயில் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அதனால்தான் 2023இல் நம் மூட்டை ரயில் ஏறவில்லை. லாரி ஏறியது.

சாலை

இந்தச் சாலைகளில் ஒரு லாரி சுமார் 30 டன் ஏற்றும், 600 மூட்டை. அப்படியானால் 20,000 டன்னுக்கு ஏறக்குறைய 670 நடை. மூட்டைகளை அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, கயிற்றை இழுத்துக் கட்டி, சுங்கத்துறை முத்திரை வைத்தபின் வண்டி நகரும். அதற்குமுன் கிளியரிங் ஏஜென்ட் காகித வேலையை முடித்திருக்க வேண்டும். சரக்கு மொசாம்பிக்கைக் கடந்து போகிறது, அங்கே விற்பனைக்கு இறங்காது என்பதற்கு உத்தரவாதம் கட்ட வேண்டும். எல்லையைத் தாண்டியது உறுதியான பிறகுதான் அந்தப் பணம் விடுபடும். ஒரு தாளில் ஒரு எண் பிசகினாலும் வண்டி யார்டிலேயே நிற்கும்.

பெய்ராவிலிருந்து சாலை புங்வே சமவெளியைத் தாண்டி இன்ஷோப்பே சந்திப்பு, ஷிமோயோ என்று மேற்கே ஏறுகிறது. பிறகு வடக்கே திரும்பி, வறண்ட முள்காடுகளின் ஊடே நாள் முழுக்க ஓடி டெட்டே நகரில் ஜாம்பேசியைத் தொடுகிறது. வெயிலுக்குப் பேர்போன ஊர் அது. 1973இல் கட்டிய தொங்கு பாலம் ஒன்றுதான் பல ஆண்டுகள் அங்கே இருந்தது. ஜிம்பாப்வேயிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் பெய்ராவிலிருந்தும் மலாவிக்குப் போகும் லாரிகள் எல்லாம் அதில்தான் ஊர்ந்தன. 2014இல் கஸ்ஸுவெண்டே என்ற இரண்டாவது பாலம் வந்தபின் நெரிசல் தணிந்தது. ஆற்றைத் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரியும். ஒன்று ஜோபுவே எல்லை வழியாக முவான்சா, பிளான்டைர்; மற்றொன்று கலோமுவே வழியாக டெட்சா, தலைநகர் லிலோங்வே. பெய்ராவிலிருந்து பிளான்டைருக்கு ஏறக்குறைய 800 கிலோமீட்டர். லிலோங்வேக்கு 900க்கும் மேல்.

இந்த 800 கிலோமீட்டரில் மலாவியின் கையில் இருப்பது கடைசிச் சிறு துண்டுதான். மற்றதெல்லாம் மொசாம்பிக்கின் வானிலையையும் அரசியலையும் பொறுத்தது. 2016இல் அரசுக்கும் ரெனாமோவுக்கும் மோதல் மீண்டும் மூண்டபோது, ஷிமோயோவுக்கும் டெட்டேவுக்கும் இடையே லாரிகள் ராணுவக் காவலோடு அணியணியாகத்தான் போக முடிந்தது. 2019 மார்ச் 14 இரவு இடாய் புயல் பெய்ரா அருகே கரையேறி, நகரைச் சிதைத்து, துறைமுகச் சாலையைப் பல இடங்களில் அறுத்துப்போட்டது. 2024 அக்டோபர் தேர்தலுக்குப் பிறகு மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் போராட்டங்கள் நடந்து சாலைகள் மறிக்கப்பட்டன. பெய்ராவில் காற்றடித்தாலும், மொசாம்பிக்கின் தலைநகர் மபூட்டோவில் வாக்கு எண்ணிக்கை தகராறானாலும் பிளான்டைரில் விலை ஏறுகிறது. அந்த வாக்குப் பெட்டியில் மலாவிக்காரருக்கு ஓட்டு கிடையாது.

கூலியைக் கூட்டும் இன்னொரு காரணம் திரும்பும் வண்டி. மலாவி உள்ளே கொண்டுவரும் எடை அதிகம், வெளியே அனுப்பும் எடை குறைவு. புகையிலை, தேயிலை, சர்க்கரை, துவரை ஆகியவைதான் கடலுக்குப் போகும் முக்கியச் சரக்குகள். இந்தத் துவரைக்கும் நம் வீட்டுச் சாம்பாருக்கும் நேர் உறவு உண்டு. ஆண்டுக்கு 50,000 டன் துவரையை மலாவியிலிருந்து வாங்க இந்தியா 2021இல் உடன்பாடு செய்தது. ஆனால் துவரையும் புகையிலையும் போகும் மாதம் வேறு, உரம் வரும் மாதம் வேறு. உரம் இறக்கிய லாரி பல நேரம் வெறுமனே பெய்ராவுக்குத் திரும்புகிறது. அந்த வெறும் ஓட்டத்துக்கான டீசல் செலவும் மூட்டையின் விலையில்தான் சேர்கிறது.

மூடியே கிடக்கும் வாசல்

இதையெல்லாம் தீர்க்க ஒரு பெரிய கனவு இருந்தது. ஷிரே, ஜாம்பேசி ஆறுகள் வழியாக, ந்சாஞ்சேயிலிருந்து சிண்டே வரை 238 கிலோமீட்டர் நீர்வழியை மீண்டும் திறப்பது. 2010 அக்டோபரில் முத்தாரிக்கா, ஜிம்பாப்வேயின் முகாபேயையும் ஜாம்பியாவின் ரூப்பியா பண்டாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ந்சாஞ்சே உள்நாட்டுத் துறைமுகத்தைத் திறந்துவைத்தார். வெள்ளோட்டமாக வர இருந்த படகை மொசாம்பிக் அனுமதிக்கவில்லை. சுற்றுச்சூழல் ஆய்வு முடியாமல் தன் ஆற்றில் கப்பல் விட முடியாது என்றது. வண்டலும் மணல்திட்டும் நிறைந்த ஆற்றை ஓயாமல் தூர்வார யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கும் பதில் இல்லை. படித்துறை கட்டியாயிற்று, சரக்கு வரவில்லை.

ரயில் கதையில் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. பிரேசிலின் வாலே நிறுவனம் மொசாம்பிக்கின் மோவாட்டிசே நிலக்கரியை நக்காலாவுக்குக் கொண்டுபோக, மலாவியின் தென்பகுதியைக் குறுக்காகக் கடக்கும் 912 கிலோமீட்டர் ரயில் பாதையை 2010களில் அமைத்துச் சீராக்கியது. 2022இல் அந்தச் சுரங்கமும் பாதையும் இந்தியாவின் ஜிண்டால் குடும்பத்தின் வல்கன் நிறுவனத்தின் கைக்கு மாறின. நிலக்கரிக்காகப் போட்ட பாதையில் மலாவிக்கான உரமும் எரிபொருளும் வர முடியும், வருகின்றன. தெற்கே பெய்ரா பாதையிலும், எல்லையிலுள்ள மார்க்காவிலிருந்து பங்குலா வரை 72 கிலோமீட்டரைப் புதுப்பிக்கும் வேலையை மலாவி அரசு அண்மை ஆண்டுகளில் கையில் எடுத்தது. அதற்கு அப்பால் 1997 வெள்ளத்தில் சிரோமோ பாலத்தைப் பறிகொடுத்த ஷிரே ஆறு குறுக்கே நிற்கிறது.

வயல்

ஊர்ப்புற விற்பனை நிலையத்தில் மூட்டை இறங்கியதும் அடையாள அட்டையோடு வரிசை நிற்கும். பெண்கள் அதிகம். சைக்கிளின் பின்னால் கட்டியோ தலையில் சுமந்தோ வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். வயலில் ஒவ்வொரு செடிக்கும் சற்றுத் தள்ளி குச்சியால் குழி குத்தி, சின்ன மூடி அல்லது கிண்ணத்தால் அளந்து, உரத்தை இட்டு மண்ணை மூடுவார்கள். ஒரு குருணையும் வீணாகாது. அத்தனை தூரம் வந்த பொருளை அவ்வளவு கவனமாகக் கையாளும் கைகள் அவை. ஆனால் அந்தக் கைகளுக்கு உரம் டிசம்பரில் வேண்டும்.

நன்கொடை உரம் 2023 மார்ச் முதல் வாரத்தில் மலாவியில் முறைப்படி கையளிக்கப்பட்டது. கதிர் பிடித்து முற்றத் தொடங்கியிருந்த நேரம். ஒரு வாரத்துக்குள் ஃபிரெடி புயல் தென் மலாவியில் பெருமழையைக் கொட்டியது. மலைச்சரிவுகள் பெயர்ந்தன. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. முற்றிய பயிர் வெள்ளத்தோடு போனது. கையில் வந்து சேர்ந்த அடியுரத்தால் அந்தப் பட்டத்துக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த பட்டத்துக்குத்தான் அது உதவ முடியும்.

இந்தச் சரக்கில் யாரும் ஏமாற்றவில்லை, கப்பலும் மூழ்கவில்லை, லாரிகளும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்தார்கள். இருந்தும் உரம் பட்டம் தப்பியது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் வலிக்கும் இடம். ஆப்பிரிக்காவில் 16 நாடுகளுக்குக் கடல் இல்லை. அந்த நாடுகளின் சிக்கலைக் கிலோமீட்டர் கணக்கிலும் டன் கணக்கிலும் பேசுவதே வழக்கம். உழவருக்குத் தூரம் என்பது நாள் கணக்கு. மழை குறித்த நாளுக்கு வருகிறது. மூட்டையும் அதற்கு முன் வந்தாக வேண்டும்.

அதற்கு வழியில்லாமல் இல்லை. புகையிலை டாலர் வரும் மாதத்திலேயே உரத்துக்கான பங்கை ஒதுக்கி வைக்கலாம். ஒரு பட்டத்துக்கான உரத்தில் ஒரு பகுதியையாவது முந்தைய ஆண்டே நாட்டுக்குள் கிடங்கில் இருப்பு வைக்கலாம். பெய்ரா அடைத்தால் நக்காலா, நக்காலா அடைத்தால் டார் எஸ் சலாம் என்று மூன்று வாசல்களையும் எப்போதும் புழக்கத்தில் வைத்திருக்கலாம். பயன்படாத வாசல் அவசரத்துக்குத் திறக்காது என்பதை 1980கள் காட்டின. உதவ நினைக்கும் நாடுகளும் நிறுவனங்களும் டன் கணக்கோடு மாதக் கணக்கையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும். ஆகஸ்டுக்குள் பெய்ராவில் இறங்கும் 10,000 டன், ஜனவரியில் இறங்கும் 20,000 டன்னைவிட மலாவி உழவருக்குப் பெரிது.